கொடிக்காலுக்குப் போன மூட்டைகள்

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி இருந்த ஒரு உரக்கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தேன். செப்டிக் டேங்க் லாரிகள் கொட்டும் கழிவை மணல் பாத்திகளில் காயப்போட்டு, வீடுகளிலிருந்து வரும் காய்கறிக் குப்பையோடு கலந்து குவித்து உரமாக்குவது எங்கள் வேலை. சொந்தக்காரர்களிடம் ‘ஆபீஸ் வேலை’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

குவியல் புரட்ட வந்தவர்களில் ஒரு அக்கா. அவருடைய கணவர் ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்குக்குள் இறங்கி விஷவாயுவில் செத்துப்போனவர். முதல் நாள் லாரிக்காரர் குழாயைத் திறந்ததும் அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“இதுக்குள்ள யாரும் எறங்கணுமா சார்?”

“இல்லக்கா. எல்லாம் குழாய்லதான்.”

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் லீவு போடவில்லை. குவியல் நன்றாகச் சூடேறினால்தான் கிருமியும் புழு முட்டையும் சாகும். அக்கா கம்பியைச் சொருகி எடுத்துத் தொட்டுப் பார்த்து, “இன்னும் வேகல” என்பார். தெர்மாமீட்டரும் அதையே காட்டும்.

உரம் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. இப்படியே போனால் கிடங்கை மூடவேண்டியதுதான் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பத்து மூட்டைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு டிரைவரோடு ஆத்தூருக்குப் போனேன். கேட்டால் பக்குவம் சொல்வதற்கு அக்காவும் வந்தார்.

வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

“சரக்கு நல்லாருக்கே. என்னெல்லாம் போட்டிருக்கிய?”

“காய்கறிக் குப்பைதான் அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம், “பீயும் கலந்திருக்கு அண்ணாச்சி. காயவச்சு, சூடேத்தி, பதம் பாத்துதான் செஞ்சிருக்கோம். ஆனா கலந்திருக்கு” என்றார்.

கொடிக்கால்காரர் கையை உதறினார். “வாயில போடுத எலைக்கா இதக் கொண்டாந்திய? ஏத்துங்க வண்டியில.” வாய்க்காலில் இறங்கி முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்.

திரும்பும் வழியில் கத்திவிட்டேன். “உங்களுக்கு என்னக்கா வந்துச்சு? கிடங்க மூடிட்டா நீங்களுந்தான தெருவுல நிக்கணும்?”

அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்டுக்காரர எறக்குனப்பவும் ‘உள்ள வேற ஒண்ணுமில்ல’ன்னுதான் சார் சொன்னாங்க.”

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டிரைவர் கேட்பாரே என்று கூச்சமாக இருந்தது.

அந்த மழைக்காலத்தோடு கிடங்கை மூடினார்கள். எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. அக்கா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனார். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“அன்னைக்கு உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா” என்றேன்.

“என்னைக்கு சார்?” என்றார்.

மறந்திருக்க மாட்டார். அன்றைக்கு நான் சொன்ன பொய்யை என் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ. நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.