நாலாவது குழாய்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்த்தேன் என்பதைக் கள்ளக்குறிச்சியில் நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்தால்தான் கதை கட்டுவார்கள். கேட்டரிங் படித்துவிட்டுப் போன எனக்கு அங்கே கொடுத்த வேலை காக்டெயில் கலப்பது. பகலிலேயே ஸ்டீல் டிரம்களில் கலந்து, மூடி, சிலிண்டரிலிருந்து சோடா கேஸ் ஏற்றிக் குளிர வைத்துவிடுவோம். சாயங்காலம் கூட்டம் வந்தால் குழாயைத் திறந்து பிடிப்பது மட்டும்தான் பாக்கி.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். வழக்கமாக ஐஸ் போட்டுக் குலுக்கும்போது அந்த ஐஸ் கரைந்து கொஞ்சம் தண்ணீர் சேரும். டிரம்மில் ஐஸ் கிடையாது, அந்தத் தண்ணீரை நாமே அளந்து ஊற்ற வேண்டும். மறந்தால் தொண்டையில் இறங்காது. ருசி பார்ப்பதையும் குளிர்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது நாக்கு பொய் சொல்லும்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. விட்டது என் வீட்டுக்காரரால். அவர் லோடு வண்டி ஓட்டுபவர். அப்போது கடுமையாகக் குடித்துக்கொண்டிருந்தார். எலவனாசூர்கோட்டையில் அவருடைய ஊர்க்காரர்களுக்கெல்லாம் அது தெரியும். ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் நிறுத்தத்திலிருந்து அவரைத் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விடாதவர்களே அந்தத் தெருவில் குறைவு. கையில் ரம் வாசனையோடு வேலையிலிருந்து வந்து, 'குடிக்காதீங்க' என்று அவரிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் சிகிச்சைக்குப் போய்த் திரும்பி, இனித் தொடமாட்டேன் என்றார். நானும் பாரை விட்டேன். ஹோட்டலில் கழித்துப்போட்ட பழைய டிரம்களையும் குழாய்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தோம்.

கல்யாணங்களுக்குக் குழாயில் குளிர்பானம் கொடுப்பது எங்கள் தொழில். மதுபானம் இல்லை, ஆனால் வேலை முழுக்க அதே முறைதான். நாலு குழாய். முதலில் எலுமிச்சையும் புதினாவும், அடுத்தது நன்னாரி, மூன்றாவது பன்னீர் திராட்சை. நாலாவது நானே யோசித்துச் செய்தது: கரியாலூர் பக்கத்து நெல்லிக்காய்ச் சாறு, மலைத்தேன், இஞ்சி, நசுக்கிய மிளகு. குடித்ததும் தொண்டை லேசாகக் காந்தும். அதுதான் எனக்குச் செல்லம்.

இந்த ஊரில் இந்தத் தொழிலைத் தொடங்கியது பைத்தியக்காரத்தனம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் சாராயம் எத்தனை வீட்டைச் சீரழித்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் கலந்தார், எதைக் கலந்தார் என்று தெரியாத ஒன்றை டிரம்மிலிருந்து பிடித்துக் குடி என்றால் யார்தான் கையை நீட்டுவார்கள்? ஒருமுறை கல்வராயன் மலையில் ஒரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு இறங்கும்போது சோதனைச் சாவடியில் எங்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். ஒவ்வொரு டிரம்மாக மோந்து பார்த்தார் ஒரு போலீஸ்காரர். கடைசியில் நெல்லிக்காயை ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இன்னொரு கிளாஸ் கேட்டார்.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மேசை போட்டதும், ஒவ்வொரு குழாயிலிருந்தும் முதல் கிளாஸை எல்லோரும் பார்க்க நான் குடிப்பேன். அதற்கு அப்புறம்தான் மற்றவர்களுக்கு. வீட்டுக்காரர் டிரம் தூக்குவார், சிலிண்டர் மாட்டுவார், முடிந்ததும் வெந்நீர் விட்டுக் குழாய்களைக் கழுவுவார். ஆனால் குழாயைத் திறந்து பிடிக்கும் இடத்தில் அவரை நான் நிற்க விட்டதே இல்லை. வரிசையாகக் குழாய், கவிழ்த்து வைத்த கிளாஸ், எதிரே காத்து நிற்கும் ஆட்கள். பார்க்க அசல் பார் போலவே இருக்கும். அந்த இடத்தில் அவர் எதற்கு என்று எனக்குள் ஒரு பயம். அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

போன கோடையில் அவருடைய ஊரிலிருந்தே ஒரு கல்யாணம் வந்தது. மண்டபம் உளுந்தூர்பேட்டைக்குப் போகும் வழியில். எங்களை ஏற்பாடு செய்தது கல்யாணப் பெண்ணின் அம்மா. ஊர்க்காரர்கள் முன்னால் முதல் தடவையாக நாங்கள் மேசை போடப்போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இதில் நல்ல பெயர் கிடைத்தால் சுற்றுப்பக்கத்துக் கல்யாணமெல்லாம் நம்முடையது என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் பெண்ணின் தாய்மாமன், நாங்கள் பானம் கலக்கும் கொட்டகைக்கு வந்தார். என் வீட்டுக்காரரோடு படித்தவர், அதைவிட அதிகமாக அவரோடு குடித்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, மூணு குழாய் பொம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும் போதும். நாலாவதுல மட்டும் நம்ம சரக்கைக் கலந்து வுடு. ஜூஸ் கலர்லயே இருக்கட்டும். எவனுக்கு இன்னா தெரியப்போவுது? உனக்குத் தெரியாத வேலையா?"

தெரியாத வேலை இல்லை, அதுதான் சங்கடமே. எந்த ரம்முக்கு நெல்லிக்காய் ஒத்துப்போகும், எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அவர் பேசி முடிப்பதற்குள் என் மனசு கலந்தே பார்த்துவிட்டது. முடியாது அண்ணா என்றேன். அனுமதி இல்லாமல் மண்டபத்தில் கொடுத்தால் போலீஸ் வரும் என்று காரணம் சொன்னேன். அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் என்றார். அப்படியும் முடியாது என்றேன். வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்காரர் உள்ளே சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"எனக்காகத்தான வாணாம்னு சொன்ன?" என்றார்.

டிரம்மில் ஏறிய ரம் வாசனை லேசில் போகாது, அதைக் கழுவப்போவது அவர்தான் என்று நான் நினைத்தது உண்மை.

"நான் இன்னா கண்ணாடி கிளாஸா, தொட்டா ஒடையறதுக்கு? ஊர்ல எவனும் என்னை நம்பல, செரி. நீயுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குத்திய இடம் சரியான இடம் என்பதால் வந்த கோபம். "உங்களுக்காகவும் இல்ல, ஊருக்காகவும் இல்ல. இது என் டிரம். இதுல அது ஏறாது," என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் வீட்டில் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேச்சு.

பெண்ணின் அம்மா எங்களை மாற்றவில்லை. கல்யாணத்தன்று காலையிலேயே போய் மேசை போட்டோம். முகூர்த்தம் முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரத்துக்கு எல்லாம் சில்லென்று தயார். வெயில் அப்படி. வழக்கப்படி நாலு குழாயிலும் முதல் கிளாஸை நான் குடித்தேன்.

நாலாவதில் சரக்கு வரும் என்று தாய்மாமன் தன் சிநேகிதர்களிடம் முன்பே பெருமை அடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், சொல்லாமலேயே விட்டுவிட்டார். ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். எலுமிச்சையை ஒருவரும் சீந்தவில்லை. எல்லோரும் கண்ணைச் சிமிட்டி நாலாவதைக் கேட்டார்கள். அதில் நெல்லிக்காய்தான் இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, தெரியும் தெரியும் என்று சிரித்தார்கள். இஞ்சியும் மிளகும் தொண்டையில் காந்தியதும் ஒருவர் தலையைச் சிலுப்பி, செம சரக்கு என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். என் செல்லமே எனக்கு எமனாக வந்து நின்றது.

அதைப் பார்த்த பெண்கள் பிள்ளைகளின் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கிக் கொட்டினார்கள். நாலாவதில் இருந்தால் மற்ற மூன்றில் இல்லை என்று யார் கண்டது? நான் ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினேன். பாரில் வேலை பார்த்தவள்தானே, இவளுக்கு என்ன என்று ஒரு குரல் என் காதிலேயே விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே அழுதால் அதோடு எல்லாம் முடிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் சிலிண்டர் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என்னைத் தோளால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஒரு கிளாஸை எடுத்து நாலாவது குழாயில் பிடித்தார். அந்தக் கையில் கிளாஸைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது ஊர்க்காரர்களுக்கு. தாய்மாமன் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார். இவர் ஒரே மூச்சில் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். பெண்ணின் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அக்கா, நான் எப்பிடி இருந்தவன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இதுல சரக்கு இருந்தா நான் ஒரு கிளாஸோட நிக்கிறவன் இல்ல. மண்டபத்தைப் பூட்டற வரைக்கும் இங்கியேதான் நின்னுகினு இருப்பேன். என்னைப் பாத்துக்கினு இருங்க."

அந்த அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராக வந்து நாலாவது குழாயிலேயே ஒரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார். இஞ்சி ஏறிப் புரை அடித்தது. சிரித்துக்கொண்டே பேரனையும் கூப்பிட்டார்.

மற்றவர்கள் உடனே வந்துவிடவில்லை. பார்த்தார்கள். பந்தியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், கை கழுவப் போகிற சாக்கில் வந்து பார்த்தார்கள். நாக்கு குழறுகிறதா, கால் பின்னுகிறதா என்று பார்த்தார்கள். அவர் பாட்டுக்குக் கிளாஸ் கிளாஸாகப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தார், ஒரு சொட்டு மேசையில் சிந்தவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். பூட்டற வரைக்கும்னு சொல்லிட்டேன் என்றார். ஒவ்வொருவராக வரத் தொடங்கி, மத்தியானம் ஆக ஆக டிரம்கள் காலியாகிக்கொண்டே வந்தன. தாய்மாமனும் வந்தார். கையை நீட்டினார். இவர் ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தார்.

திராட்சை டிரம் தீர்ந்துபோனபோது மாற்று டிரம்மை நான்தான் தூக்கி வந்தேன், சிலிண்டரையும் நான்தான் மாட்டினேன். குனிந்து திருகிக்கொண்டே தலையைத் தூக்கி அவர் கையைப் பார்த்தேன். எத்தனையாவது தடவையோ. ஊரெல்லாம் அவரைப் பார்ப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. நான் ஒருத்திதான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.