பொனற் திறக்கச் சொல்லும் அத்தான்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய முகம் வருவதில்லை, முதுகுதான் வரும். யாரோ ஒருவருடைய காரின் திறந்த பொனற்றுக்குள், எஞ்சின் மூடிக்குக் கீழே, தலையை நுழைத்து, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி குனிந்து நிற்கிற முதுகு. பக்கத்தில் கார்ச் சொந்தக்காரர் ஒன்றும் விளங்காமல் சாவியோடு நிற்பார். கொஞ்சம் தள்ளி அக்காவும் நானும் அர்ச்சனைத் தட்டோடு, இந்த மனிதரை எங்களுக்குத் தெரியாது என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். கோயில், கலியாண வீடு, செத்த வீடு, பெற்றோல் நிலையம் என்று அவருக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு குறிப்பிட்ட அமெரிக்கக் கம்பெனியின் பெரிய கார், கரும்பச்சை நிறம், எண்பத்து மூன்றாம் ஆண்டு மொடல் என்று மூன்றும் பொருந்திவிட்டால் போதும். நேரே போய், "ஒருக்காப் பொனற்றைத் திறந்து காட்டுவீங்களோ?" என்று கேட்டுவிடுவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். கலியாணம் முடித்த கையோடு எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் தனியாக மெல்பேர்ணுக்கு வந்து, அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய ஸ்பொன்சரில்தான் எண்பத்தைந்தில் அக்கா, அம்மா, நான் மூவரும் வந்து இறங்கினோம். விமான நிலையத்துக்கு அவர் கொண்டுவந்த கார் அந்தக் கம்பெனியுடையதுதான், பழசு. எங்கள் பெட்டிகளையெல்லாம் ஏற்றிய பிறகும் இன்னொரு குடும்பம் ஏறலாம் போல இருந்தது. இரண்டரை வருடம் காணாத பெண்டாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், மனிதர் எங்கள் மூவருடைய சீற் பெல்ட்டையும் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் காதுக்குள், "இவருக்கு ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டா.

காரில் பைத்தியம் என்றுதான் நாங்கள் முடிவு கட்டினோம். அதற்கு ஏற்ற மாதிரித்தான் அவருடைய பேச்சும் இருக்கும். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளிலேயே அந்தக் கம்பெனி கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த கதை, அமெரிக்காவில் வரைந்த கார் இங்கத்தைய செம்மண் ரோட்டில் குலுங்கிப் பிளந்துவிட, இங்கத்தைய ஆட்களே உட்கார்ந்து அதைத் திருத்தித் திருத்திக் கடைசியில் வேறு காராகவே ஆக்கிவிட்ட கதை எல்லாம் தேவாரம் மாதிரி ஒப்புவிப்பார். பொலிஸ்காரனும் ராக்சிக்காரனும் பின்னால் கறவன் என்கிற வீட்டுவண்டியை இழுக்கிற கிழவனும் அந்தக் காரைத்தான் வாங்கினார்கள். எங்கள் சனம் மட்டும் வந்த மறுவருடமே ஜப்பான் காருக்குப் போய்விட்டது. பெற்றோலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கிறது, கூரைத் துணி தொங்கித் தலையில் முட்டுகிறது என்று ஆளுக்கொரு குறை சொல்வார்கள். அத்தான் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். குறை சொல்லிச் சொல்லியே அந்தக் காரை இருபது வருடம் விற்காமல் வைத்திருக்கிறவர்களும் உண்டு, பொனற் திறந்ததும் அப்படியானவர்கள் சொல்கிற கதை லேசில் முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலியாணம் முடித்து நான் சிட்னிக்கு வந்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு தரம் அத்தானும் அக்காவும் மெல்பேர்ணில் இருந்து காரில் வருவார்கள். அப்படி வந்த ஒரு தரம் எல்லோருமாக ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். அன்றைக்கு அவர் பிடித்தது ஒரு புதுமாப்பிள்ளையின் காரை. பெண் பட்டுச் சேலையோடு வெயிலில் காத்துநிற்க, இவர் பொனற்றுக்குள் குனிந்து நிற்கிறார். என்னுடைய மாமியாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறா. எனக்கு வந்ததே கோபம். அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு, அவரை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், "அத்தான், உங்களுக்கு வெக்கமே இல்லையோ? என்னத்தைத் தான் தேடுறீங்கள்?" என்று நன்றாகவே கொடுத்தேன்.

அவர் திருப்பிக் கோபிக்கவில்லை. புல்லில் உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார்.

தொழிற்சாலையில் அவருடைய வேலை, முன் சீற்றின் பெல்ட்டைக் கதவுத் தூணின் அடியில் பூட்டுவது. ஒரு காருக்கு இந்தப் பக்கம் ஒரு போல்ட், அந்தப் பக்கம் ஒரு போல்ட். காற்றழுத்தத்தில் திருகுகிற எயர் கன்னால் இறுக்கிவிட்டு, அதன் தலையில் ஒரு பொட்டுப் பெயின்ற் வைக்கவேண்டும். இவருக்கு மஞ்சள். பக்கத்தில் நின்று பின் சீற் பெல்ட் பூட்டுகிற கிரேக்கக்காரருக்கு வெள்ளை. கார்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், கை நின்றால் கார் போய்விடும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஒருநாள் காலை, மேற்பார்வை பார்க்கிற போர்மன் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கொழும்பு வெள்ளவத்தையில் அத்தானுடைய அண்ணர் இருந்த வீடு எரிந்துவிட்டது, ஆளைக் காணவில்லை என்று யாரோ சிநேகிதர் கம்பெனிக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் முன்னால் நின்றது ஒரு கரும்பச்சைக் கார். அதற்குப் பிறகு மத்தியான மணி அடிக்கும்வரை என்ன செய்தார் என்று அவருக்கு நினைவில்லை. மணி அடித்தபோது, கணக்காக எண்ணி வைத்த தட்டில் இரண்டு போல்ட் மிஞ்சிக் கிடந்தன.

வரிசைத் தாளில் அந்தக் கரும்பச்சைக் காரின் எண்ணைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். போர்மனிடம் மட்டும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை போனால் கம்பெனிக் கடிதம் இல்லை, கடிதம் இல்லாமல் ஸ்பொன்சர் இல்லை.

"உங்கள் மூண்டு பேரையும் எடுக்க வேணும் எண்டுதான் பிள்ளை வாயை மூடினனான்," என்றார் அத்தான். "அந்தக் கார் ஆரின்ரையோ கையில ஓடுது. போல்ட் இல்லாமல் ஓடுது."

நாங்கள் வந்து இறங்கிய அடுத்த கிழமையே போர்மனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். எல்லாம் பரிசோதனை முடிந்துதான் வெளியே போகிறது, போய் வேலையைப் பார் என்று அவர் சிரித்திருக்கிறார். பரிசோதிக்கிறவர் ஓடுகிற ஓட்டத்தில் பொட்டு இருக்கிறதா என்று கண்ணால் ஒரு வீச்சு வீசுவதோடு சரி என்பது அத்தானுக்குத் தெரியும். காரின் எண் பொனற்றுக்குள் ஒரு தகட்டில் அடித்திருக்கும், அதனால்தான் இந்தத் தேடல். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது, சொல்லவும் வேண்டாம் என்றார். அவரைத் திட்டப் போன நான் அந்தக் காரின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன். என் விசாவும் படிப்பும் கலியாணமும் எல்லாம் அந்த ஒரு மௌனத்தில் வந்தவை. அன்றிலிருந்து நானும் கரும்பச்சைக் காரைக் கண்டால் நிற்கிறவள் ஆனேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன், பொனற் திறக்கச் சொல்லிக் கேட்டேன்.

வருடங்கள் போகப் போக அந்த மொடல் ரோட்டில் அருகிக்கொண்டே வந்தது. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்து இரண்டாயிரத்தில் அத்தான் வேலை இல்லாமல் வீட்டோடு ஆகிவிட்டார். பழைய இரும்புக்குப் போயிருக்கும், விடுங்கள் என்று நான் சொன்னால், போவதற்கு முதல் யாரையாவது கொண்டுபோயிருந்தால் என்று கேட்பார்.

கண்டுபிடித்தது கடைசியில் நான்தான். இரண்டாயிரத்து ஒன்பது தைப்பூசம், சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில். அந்த வருடம் கோயிலில் எல்லோருடைய காதிலும் கைத்தொலைபேசி, எல்லோருடைய முகத்திலும் வன்னிப் போர்ச் செய்தி. அமெரிக்காவிலோ பெரிய பெரிய கார்க் கம்பெனிகள் அரசாங்கத்திடம் கை நீட்டி நிற்பதாக ரி.வி.யில் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்கு வந்திருந்த அத்தான் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவரையும் அக்காவையும் வாசலில் இறக்கிவிட்டு நான் கார் நிறுத்த இடம் தேடி அலைந்தபோது வேலியோரம் அது நின்றது. கரும்பச்சை, நேற்று வாங்கியது மாதிரித் துடைத்து வைத்திருந்தது. சொந்தக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க மலேசியத் தமிழர், படிக்க வந்து இங்கேயே பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கேட்டதும், "என்னம்மா, என் காடிய வாங்கப் போறீங்களா?" என்று சிரித்தபடி பொனற்றைத் தூக்கினார். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டைத் துடைத்து எண்ணை வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். பிறகு செருப்பையும் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் ஓடி, அன்னதான வரிசையில் நின்ற அத்தானைக் கையில் பிடித்து இழுத்துவந்தேன். பின்னாலேயே அக்காவும் வந்தா.

அத்தான் தகட்டைப் பார்த்தார். முகத்தில் இரத்தம் இல்லை. அது தெரியாமல் அந்த அங்கிள் எல்லாக் கார்ச் சொந்தக்காரரும் சொல்கிற மாதிரித் தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். புதுசாக வாங்கியது, இரண்டு மகள்மாரும் இதில்தான் ஓட்டப் பழகினார்கள், விற்றுவிடுங்கள் என்று இப்போது அவர்களே கரைச்சல் கொடுக்கிறார்கள். ஒரு தரம் ஹெலன்ஸ்பர்க் போகிற வழியில் கங்காரு குறுக்கே பாய, பிறேக் அடித்துக் கார் பள்ளத்துக்குள் இறங்கியதாம். தோளில் பெல்ட் பிடித்த தழும்பு இரண்டு கிழமை கிடந்ததாம். "அந்த பெல்ட் மட்டும் இல்லேன்னா நான் கண்ணாடியில போயிருப்பேன்," என்றார்.

அத்தான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், முன்பின் தெரியாத அந்த மனிதரிடமும் பக்கத்தில் நின்ற அக்காவிடமும் ஒரே மூச்சில். அங்கிள் சாவியை நீட்டி, "கழட்டிப் பாருங்க. எனக்கும் பாக்கணும்," என்றார்.

கதவுத் தூணின் அடியில் சாவி முனையால் நெம்பியதும் போல்ட்டை மறைத்த பிளாஸ்ரிக் மூடி கழன்று வந்தது. போல்ட் இருந்தது. கிட்டக் குனிந்து பார்த்த அத்தான், "இது என்ர இல்லை," என்றார். அதன் தலையில் இருந்த பொட்டு மஞ்சள் இல்லை, வெள்ளை. மற்றப் பக்கமும் வெள்ளை.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் அழுவதா அத்தானை அடிப்பதா என்று தெரியவில்லை. வெள்ளைப் பொட்டு அந்தக் கிரேக்கக்காரருடையது, அத்தானோடு பதினேழு வருடம் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட மனிதர். இவர் கொடுத்த வடையை அவர் தின்றிருக்கிறார், அவர் கொடுத்த ஒலிவ் காயை இவர் தின்றிருக்கிறார். அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை பொனற் திறந்திருக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்கே உரிய குணம் இது, வயிற்றுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியையும் விழுங்கிவிடுவார்கள். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருபத்தாறு வருசம் என்னட்டைக் கூடச் சொல்லேல்லை," என்று மட்டும் சொன்னா. வீடு வரும்வரை அத்தானோடு பேசவில்லை. ஆனால் அவருடைய கையை விடவும் இல்லை.

பின்னேரம் என் வீட்டுக் குசினி மேசையில் தொலைபேசியை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டு, மெல்பேர்ணில் இருந்த கிரேக்கக்காரரை அழைத்தோம். அத்தான் தன் உடைந்த ஆங்கிலத்தில் அந்த நாளைச் சொல்லிக் கேட்டார். அவர் உடனே, ஓம், நினைவிருக்கிறது என்றார். காகிதத்தைப் பார்த்தபடி நீ நின்றுவிட்டாய், கார் நகர்ந்து என்னிடம் வந்தது, என்னுடைய தட்டில் இருந்து இரண்டை எடுத்துப் பூட்டிவிட்டேன், பிறகு மத்தியானம் வரை உன்னுடையதை எல்லாம் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தேன், மற்றவை சரியாக இருந்தன என்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அத்தான் கேட்டார். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். அத்தான் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் மறுமுனையில் குரல் மாறியது. "உன்னுடைய அண்ணன்," என்றார் கிரேக்கக்காரர். "போர்மன்தான் எனக்குச் சொன்னார். உன்னிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கிடைத்தாரா?"

"கிடைச்சவர்," என்று அத்தான் தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஆங்கிலத்தில், மூன்று கிழமைக்குப் பிறகு அகதி முகாமில் கிடைத்தார், இப்போது கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார் என்றார். மறுமுனையில் அவர் தங்கள் பாஷையில் வீட்டுக்குள் பார்த்து உரக்க ஏதோ சொல்வது கேட்டது. உள்ளிருந்து ஒரு பெண் குரல் கிட்ட வந்து தொலைபேசியை வாங்கியது. அவருடைய மனைவி. தங்கள் கோயிலில் உயிரோடு இருப்பவர்களின் பெயருக்கு ஒரு தாளும் இறந்தவர்களின் பெயருக்கு ஒரு தாளும் எழுதிக் கொடுத்தால் பாதிரியார் வாசித்து ஜெபிப்பாராம். இத்தனை வருடமும் உன் அண்ணனை எந்தத் தாளில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டிலும் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னா. பிறகு, பேனையை எடுத்துவிட்டேன், உயிரோடு இருப்பவர்களின் தாளில் எழுதப் பெயர் என்ன என்று கேட்டா. அத்தான் அண்ணரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.