குச்சி நின்ற இடம்

என் மாமனாருக்கு ஆபீசில் வைத்த பட்டப்பெயர் குச்சிக்காரர். நகரமைப்பு அலுவலகத்தில் எல்லைக் குச்சி நடுவதுதான் அவர் வேலை. மூங்கில் குச்சி, தலையில் சிவப்பு பெயிண்ட். அதிகாரி அளந்து காட்டும் இடத்தில் அடித்துவிட்டு வருவார். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் இன்று நாளை என்று இழுப்பார்.

அந்தக் கோடையில் ஆற்றுக்குப் பாதுகாப்பு எல்லை வகுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லைக்குள் யாரும் எதுவும் கட்டக் கூடாது. ஏற்கெனவே குடியிருப்பவர்களும் காலி செய்ய வேண்டும். நூலாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் விளிம்பிலிருந்து அதிகாரி அளந்தார். ஜீப் இறங்க வசதி என்று கோடையில் அளப்பதுதான் அந்த ஆபீசின் வழக்கம். எங்கள் வீடு குச்சிகளுக்கு வெளியே நல்ல தூரத்தில் இருந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் குச்சிகள் இடம் மாறியிருந்தன. வரிசை கலையாமல் எல்லாம் ஊர்ப்பக்கமாக நகர்ந்திருந்தன. பழைய இடத்தில் பிடுங்கிய குழியே இல்லை. வெடித்துக் கிடந்த தரையில் குச்சிகள் மட்டும் ஈரமாக நின்றன. தொட்டால் கையில் சேற்று வாடை.

"யாருய்யா இந்த வேலையப் பண்ணது?" என்று அதிகாரி கத்தினார். கரையில் குடோன் கட்டக் காத்திருந்தவரைச் சந்தேகப்பட வழியில்லை. நகர்ந்தால் நஷ்டம் அவருக்குத்தான். பழி மாமா தலையில் விழுந்தது. அவர் மறுபடி நட்டார். குச்சிகள் மறுபடி நகர்ந்தன.

ஒருநாள் டீ போடப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில் ஒரு குச்சி நின்றது. தரையில் சின்னக் கீறல்கூட இல்லை.

"பிடுங்கிப் போடுங்க மாமா. யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் நட்டிருந்தா பிடுங்கலாம்மா. இது நான் நட்டதில்லையே."

அவர் தொடவில்லை. நான் சும்மா இருப்பேனா? பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன். விடிந்து பார்த்தால் அது படுக்கையறையில், தூங்கும் என் மகளின் கட்டிலை ஒட்டி நின்றது. குச்சியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமா குனிந்து அதன் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, எல்லை பற்றி ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்குக் கிளம்பினார். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

"சார், கோடையில ஆத்தை அளந்து, ஆள் ஊர்ல இல்லாதப்போ சட்டைக்கு அளவெடுத்த கதையாயிருச்சு நம்ம வேலை. குச்சி இப்ப எங்க நிக்குதோ அதான் எல்லை. அப்படியே போட்டுருங்க."

குடோன்காரர் சிரித்தார். "அப்ப உங்க வீடும் உள்ள வருதே, பெரியவரே?"

"வருது. அதையே முதல்ல எழுதிக்கச் சொல்லுங்க."

அதிகாரியும் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தவர்தானே. வரைபடத்தில் எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டார்.

மேட்டுத் தெருவில் வாடகை வீட்டுக்குப் போனோம். ஊர் ஆற்றுக்காக என் வீட்டைத் தூக்கிக் கொடுத்த மனுஷன் என்று எனக்கு அடங்காத கோபம். சோறு போடுவேன், பேச மாட்டேன்.

மழை வந்தது. ஆறு கரையை அறுத்துக்கொண்டே மேலேறியது. வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். குடோனுக்குக் கேட்ட நிலம் ஆற்றுக்குள் கிடந்தது. எங்கள் சமையலறை இல்லை. கட்டில் கிடந்த இடம் இல்லை. குச்சி நின்ற இடத்தோடு தரை வெட்டுப்பட்டு முடிந்திருந்தது. மகளை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

விளிம்பில் இன்னும் நின்ற அந்தக் குச்சியை மாமா மெல்ல எடுத்தார். கையோடு வந்துவிட்டது, கீழே குழி இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கதவு மூலையில் சாத்தி வைத்தார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். அவர் காலமான பிறகு நான் தொட்டுப் பார்க்கிறேன்.

மேலே, ஆறு உற்பத்தியாகும் மலைச்சரிவில் பாதுகாப்பு எல்லையைச் சுருக்கப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நமக்கென்ன, மேட்டில்தானே இருக்கிறோம் என்று பேசாமல் இருந்தேன். இன்று போய்ச் சொல்லப் போகிறேன். நேற்றுவரை குச்சி காய்ந்துதான் இருந்தது.