கல்லீரலில் ஓர் எலுமிச்சம்பழம்

சென்ற வாரம் ஒரு முற்பகல் முழுவதும், டெல்லியின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் புல்வெளியில் குளிர்கால வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தேன். பிக்னிக் அல்ல. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் சுதாவுக்கு உள்ளே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கல்லீரலில் இருந்த கட்டி சுருங்கியிருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா? வளர்ந்திருந்தால் ஆபரேஷன்.

என் பக்கத்தில் சுதாவின் மாமியார் பாக்கியத்தம்மாள். திருநெல்வேலிக்காரர். சுளையில் ஒட்டியிருந்த நாரை ஒன்றுவிடாமல் பிய்த்துக்கொண்டிருந்தார். கவலை வந்தால் அவருக்குக் கைதான் வேலை செய்யும். மற்ற நேரங்களில் வாய்!

நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? டாக்டர் நோயாளியைத்தான் கேட்பார். பதில் கணவரிடமிருந்து வரும், மாமியாரிடமிருந்து வரும், சில சமயம் பக்கத்து பெஞ்சிலிருந்துகூட வரும். வாய் திறக்கும் உரிமை இல்லாத ஒரே ஆள் — நோயாளி.

சுதா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். மத்திய அரசில் கிளார்க். இந்தியும் ஆங்கிலமும் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும், கடந்த மார்ச்சில் டாக்டர் எதிரில் உட்கார்ந்தபோது பேசியவர் மாமியார்தான். அதுவும் தமிழில். அதை டாக்டருக்கு மொழிபெயர்ப்பதற்காக அழைத்துச் செல்லப்பட்டவள் நான். எம்.ஏ. பட்டம் இதற்காவது பயன்படட்டுமே!

சுதாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பையில் கல்லாக இருக்கும் என்று படம் எடுத்தால், கல் இல்லை... கல்லீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. 'கட்டி' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எங்கள் பிளாக் முழுவதும் அது புற்றுநோய் என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது.

டாக்டர் வயதான பஞ்சாபிக்காரர், நிதானமானவர். படத்தையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தால் புற்றாகத் தெரியவில்லை என்றார். கல்லீரலில் அபூர்வமாகச் சில சாதுவான கட்டிகள் வருவதுண்டாம். ஒரு வகை, ரத்தக் குழாய்களின் முடிச்சு. அதைச் சீண்டாமல் விட்டாலே போதும். இன்னொரு வகை, கருத்தடை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கும் பெண்களில் மிகச் சிலருக்கு வருவது. மருத்துவ இதழ்களில் அண்மைக் காலமாகத்தான் இதைப் பற்றி எழுதுகிறார்களாம். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சுருங்கும். தொடர்ந்தால் உள்ளேயே வெடித்து ரத்தம் கொட்டலாம். ஊசியால் குத்திச் சோதித்தாலும் அதே ஆபத்து. எந்த வகை என்று தெரியாவிட்டால்? வயிற்றைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இவ்வளவையும் என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, சுதாவிடம் திரும்பி இந்தியில் கேட்டார் — "பேட்டி, கோயி கோலி காதீ ஹோ?" மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா?

பாக்கியத்தம்மாளின் காய்கறிச் சந்தை இந்திக்கு இது எட்டிவிட்டது. "மாத்திரையா? எங்க வீட்டுல தலைவலிக்குக்கூட மாத்திரை கெடையாது. சுக்குக் கசாயந்தான். சொல்லு பிள்ளே அவருகிட்ட!"

சுதா தரையைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

காரணம் இருந்தது. இரண்டே அறை கொண்ட சர்க்கார் குவார்ட்டர்ஸில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. ஆகவே அந்த மாத்திரை அட்டை என் சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வாசம் செய்தது. தினமும் மாலை 'உறைமோர்' வாங்க சுதா வருவாள். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் மாத்திரை. ஒரு பெண் குழந்தை பள்ளிக்குப் போகிறது. பதவி உயர்வுக்கான பரீட்சை எழுத வேண்டும். மாமியாரோ பேரன் கேட்டு நச்சரிக்கிறார். கணவருக்கு எல்லாம் தெரியும் — தெரியாதது போல இருக்கவும் தெரியும்.

இப்போது நான் எதை மொழிபெயர்ப்பது? 'இல்லை' என்றால் சுதாவின் வயிற்றில் கத்தி. 'ஆமாம்' என்றால் வீட்டில் கத்தி. தவிர, இது என் ரகசியமும் அல்ல. சுதாவைப் பார்த்தேன். அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

போதுமே! வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பவரின் குரலில், ஆங்கிலத்தில், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எத்தனை வருடமாக என்று டாக்டர் இந்தியில் கேட்டார். அதையும் சொன்னேன்.

"நான் சொன்னது நாலு வார்த்தை. நீ என்ன இம்புட்டு நீளமாச் சொல்லுத?" என்றார் பாக்கியத்தம்மாள்.

"இங்கிலீஷ்ல சொன்னா கொஞ்சம் நீளும் அத்தை."

டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருடம் மாமியார்களைப் பார்த்தவராக இருக்க வேண்டும். கைகூப்பினார். "மாதாஜி, இப்போது ஆபரேஷன் வேண்டாம். ஆனால் கட்டி கரையும்வரை இவள் கர்ப்பமாகக் கூடாது." இதில் பொய் எதுவும் இல்லை, கர்ப்பத்தாலும் அந்த வகைக் கட்டி பெரிதாகுமாம். இந்த முறை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

அன்றிரவே மாத்திரை அட்டை என் வீட்டுக் குப்பைக்குப் போனது. சுதாவின் கணவருடைய கட்டில் பால்கனிக்குப் போனது! கோடையில் பாதகமில்லை. தீபாவளி கழிந்து, ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டபடி அந்த மனிதர் என்னிடம் முறையிட்டார் — "நீங்களாவது அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?"

அவசரநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைகளுக்குப் பிறகு, குடும்பக் கட்டுப்பாடு என்று வாயெடுத்தாலே முகத்தில் கதவைச் சாத்திய ஊர் இது. வீடு வீடாகப் பிரசாரம் செய்து தோற்றவள் நான். பாக்கியத்தம்மாளோ பிளாக் முழுவதும் சொல்லிவிட்டார் — "பொம்பளை வயித்துக்கு ஓய்வு வேணும். டாக்டரே சொல்லிட்டாரு!" ஒரு வீட்டிலும் கதவு சாத்தப்படவில்லை.

புல்வெளிக்கு வருவோம். கையில் பெரிய உறையுடன் சுதா ஓடிவந்தாள். "அத்தை! சுண்டைக்காய் சைஸ்தான் இருக்காம்! ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சாப் சொல்லிட்டார்!"

மாமியார் நார் நீக்கிய சுளைகளை அவள் வாயில் திணித்தார். சுதா கணவருக்கு போன் செய்யப் போனாள். அவள் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரைய நிறுத்தினதும் கரைஞ்சுட்டு, பாத்தியா?"

என் கையிலிருந்த ஆரஞ்சு புல்லில் உருண்டது. "எந்த... மாத்திரை?"

"நடிக்காத பிள்ளே. எத்தனை வருசம்னு அவரு கேட்டப்போ நாலு விரலக் காட்டினேல்லா? விரலுமா இங்கிலீசு பேசிச்சு?"

"தெரிஞ்சும் ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"தெரியும்னு காட்டிக்கிட்டா நான் சண்டை போடணும்லா? அவ வயித்தக் கீறுவாவளோ மாட்டாவளோன்னு கெடக்கு... அப்பம் போயா சண்டை? பொறவு போட்டுக்கிடலாம்னு இருந்தேன்." உருண்ட ஆரஞ்சை எடுத்து முந்தானையில் துடைத்தார். "விடியக்காலம் எந்திரிச்சு அவ பரீச்சைக்குப் படிக்கதப் பாத்தேனா... சண்டை மறந்துட்டு."

விளைவுகளை எடைபோடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அன்று அது கரைந்தது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுது. எனக்குத் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரியப்படாது. கூச்சப்படுவா."

"அச்சில் வந்தால் படிக்க மாட்டாளா?"

"யாரு, சுதாவா? டெல்லிப் பிள்ளை! ஊருக்குப் போனா பஸ் போர்டைக்கூட நான்தான் வாசிச்சுச் சொல்லணும்."

பெயர்களை மாற்றிவிட்டேன். டெல்லி வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் — இந்தப் பக்கத்தைத் தயவுசெய்து யாருக்கும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்!