குடைக்குப் பயந்த குதிரை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், ஹோட்டலுக்குத் துவரம்பருப்பு வாங்கி வருகிறேன் என்று சேலத்துக்குப் போன என் கணவர் ஒரு குதிரையோடு திரும்பி வந்தார். பருப்பும் வந்தது, குதிரையின் முதுகில்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன ஹோட்டல் இருந்தது. காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் போண்டா. அவர் கல்லாவில் இருப்பார், நான் அடுப்படியில் இருப்பேன். இதில் குதிரைக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. சேலத்தில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய சொந்தக்காரர் ஒருவர், ஆட்டோக்கள் பெருகியதும் வண்டியை நிறுத்திவிட்டாராம். குதிரையை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்திருக்கிறார். டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வரலாமே என்று இவருக்கு அங்கேயே யோசனை உதித்துவிட்டது. மலைப்பாதை முழுவதும் இருவரும் நடந்தே வந்திருந்தார்கள். குதிரைக்கு மூச்சு வாங்கவில்லை. அவர்தான் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நொம்ப சாது. கொழந்த மாதிரி," என்றார்.

செம்மண் நிறத்தில் ஒரு பெண்குதிரை. நெற்றியில் சுண்ணாம்பைத் தடவினாற்போல ஒரு வெள்ளை. என்னை முகர்ந்து பார்த்துவிட்டு என் சேலை மேல் தும்மியது. எனக்கு மாடு தெரியும், ஆடு தெரியும். குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் தூரத்தில் பார்த்ததோடு சரி. அதனால் அடுப்படி ஜன்னல் வழியாகப் பழகுவதே எனக்குப் போதும் என்று இருந்தேன்.

கோடைக்காலம் முழுவதும் அது சாதுவாகத்தான் இருந்தது. பிறகு முதல் மழை வந்தது.

அன்றைக்கு ஒரு புதுக்கல்யாண ஜோடி. மனைவி குதிரை மேல், என் கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால், புது மாப்பிள்ளை பக்கத்தில் நடை. தூறல் போட்டதும் மாப்பிள்ளை ஆசையாகத் தன் கறுப்புக் குடையை விரித்து மனைவியின் தலைக்கு மேல் பிடிக்கப் பார்த்திருக்கிறார். குடை படக்கென்று விரிந்ததுதான் தாமதம், குதிரை கயிற்றை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டது. வேறெங்கும் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தது. எங்கள் வீடு ஹோட்டலின் பின்னால் இருந்ததால் அதற்கு ஹோட்டல்தான் வழி.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். அந்தப் பெண் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து தப்பி, மேசைகளுக்கு நடுவில் குதிரை மேல் உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில், "வாங்க, என்ன சாப்படறீங்க?" என்றேன்.

"மொதல்ல எறங்கறேங்க," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு இது வாடிக்கையானது. ஏற்காட்டில் குடை இல்லாதவர் யார்? எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கையில் குடை, டீச்சர் கையில் குடை, தலைச்சோலை கிராமத்திலிருந்து சாமான் வாங்க வரும் பெண்கள் கையிலும் குடை. எங்கே ஒரு குடை விரிந்தாலும் குதிரை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சில நாள் ஆளோடு, சில நாள் ஆளில்லாமல்.

என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் அதட்டித்தான் வழிக்குக் கொண்டுவர முடியும் என்று நம்பியவர். எரியாத அடுப்பைக்கூட அதட்டுவார். காப்பிச் செடியில் ஒரு குச்சி ஒடித்து வைத்துக்கொண்டார். குடையைப் பார்த்துக் குதிரை துள்ளும்போதெல்லாம் ஒன்று போடுவார். கொஞ்ச நாளில் அது குடைக்கும் பயந்தது, அவருக்கும் பயந்தது. அவர் கொட்டிலுக்குள் நுழைந்தாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, அது குடையப் பாத்துப் பயப்படுது. பயந்தவொடனே நீங்க அடிக்கறீங்க. குடை வந்தா அடி வருதுன்னு அது நெனைக்கறது செரிதானுங்களே?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். "அப்ப நீயே பாத்துக்க," என்று சொல்லிக் குச்சியை அடுப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் குதிரை பழக்குபவளானது இப்படித்தான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாததால், மத்தியானங்களில் கொல்லைப்புறத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அது ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. வாயால் அல்ல. ஒரு காது என் பக்கம் இருக்கும், மற்றது சாலைப் பக்கம் இருக்கும். தலை நிமிர்ந்து இரண்டு காதும் விறைத்தால், 'யார் அது, அங்கேயே நில்' என்று பொருள். தலை தாழ்ந்து, வாயில் ஒன்றுமில்லாமலே மென்று உதட்டை நக்கினால், 'சரி, போகட்டும்' என்று பொருள். என் மாமியார் வீட்டில் பலருடைய முகத்தைப் படிப்பதைவிட இது சுலபமாக இருந்தது.

பயத்துக்குக் காரணமும் ஒருநாள் பிடிபட்டது. வண்டிக் குதிரைகளுக்குக் கண்ணோரத்தில் தோல்பட்டை கட்டியிருப்பார்கள், பக்கவாட்டில் எதுவும் தெரியாதபடி. டூரிஸ்டுகள் போட்டோ எடுத்தால் முகம் அழகாக விழட்டும் என்று இவர் அதைக் கழற்றிப் போட்டிருந்தார். இத்தனை காலம் நேரே போகும் ரோட்டை மட்டும் பார்த்த பிராணி. இப்போது பக்கத்தில் ஒரு குச்சி திடீரென்று பூதம் மாதிரி வீங்கினால் நான்கூடத்தான் ஓடுவேன்.

ஒரு மத்தியானம் மடக்கிய குடையோடு வேலியோரத்திலிருந்து அதை நோக்கி நடந்தேன். காது விறைத்த இடத்தில் நின்றேன். அதுவும் நின்றது, நானும் நின்றேன். அது தலையைத் தாழ்த்தியதும் திரும்பிப் போய்விட்டேன். திரும்பவும் வந்தேன், திரும்பவும் போனேன். அது வேண்டாம் என்றால் நான் நிற்கிறேன், சரி என்றால் குடை தூரப் போய்விடுகிறது. தன் பேச்சுக்கு இங்கே ஒரு மதிப்பு இருக்கிறது என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும். நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் விட்டது.

வெயில் காய்கிற நேரத்தில் ஒருத்தி கையில் குடையோடு குதிரையிடம் போவதும் வருவதுமாக இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? மாரமங்கலத்திலிருந்து எங்களுக்கு மிளகு கொண்டுவரும் அம்மா ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். விளக்குவதைவிட அது எளிது.

மடக்கிய குடைக்குப் பழகிய பிறகு, தூரத்தில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு பாதி விரித்தேன். பிறகு முழுவதும். ஒருநாள் முக்கால்வாசி வெற்றி என்ற நிலையில், விரித்த குடையோடு அதன் கழுத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது, பள்ளத்திலிருந்து வந்த காற்று குடையை அப்படியே மேல்பக்கமாகப் புரட்டிப் போட்டது. நான் அலறிக்கொண்டு வேலிவரை ஓடினேன். திரும்பிப் பார்த்தால் குதிரை நின்ற இடத்திலேயே நின்று, எனக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில், புரண்ட குடையைத் தரையில் மல்லாத்தி வைத்து, அதில் ஊறவைத்த கொள்ளைப் போட்டேன். குதிரை ஒரு முறை முகர்ந்தது. பிறகு குடைத்துணியை நக்கித் துடைக்கும்வரை தலையை எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே வைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை வேறு பக்கமாகப் போய்விட்டது. குதிரைக்கு இப்போது குடை என்றால் கொள்ளு. சாலையில் யார் குடை விரித்தாலும் முதுகில் டூரிஸ்டோடு அவர் பின்னாலேயே நடந்தது. எஸ்டேட் ரைட்டரை பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. அவர் மறுநாள் ஹோட்டலுக்கு வந்து, மழை பெய்தால் நனைந்துகொண்டு போவதா, குதிரையைக் கூட்டிக்கொண்டு போவதா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சட்னியைக் கவனித்தேன்.

அடுத்த கோடையில் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மலைக் கிராமங்கள் எல்லாம் மேலே கூடியிருந்தன. பிள்ளைகளை ஏற்றிச் சுற்றலாம் என்று குதிரையை ஓட்டிக்கொண்டு நாங்களும் போயிருந்தோம். மேளம் முழங்க சாமி புறப்பட்டபோது ஒருவர் பெரிய கோயில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டுத் துணி, ஓரமெல்லாம் குஞ்சம். அவ்வளவு பெரிய குடையை எங்கள் குதிரை பார்த்ததே இல்லை. எவ்வளவு கொள்ளு பிடிக்கும் என்று அது கணக்குப் போட்டிருக்கும்.

அது ஓடவில்லை, துள்ளவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து குடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டு, மேளத்துக்குத் தகுந்தாற்போல நடந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ அதன் நெற்றி வெள்ளையில் குங்குமம் வைத்தார்கள். இன்னொருவர் கழுத்தில் மாலை போட்டார். சாமிக்குக் குதிரை வந்திருக்கிறது என்று பேச்சு பரவியது. கயிற்றை விடவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் என் கணவர் கூடவே நடந்தார். அவரையும் சிலர் கும்பிட்டார்கள். அவரும் திருப்பிக் கும்பிட்டார்.

ஊர்வலம் ஒரு திருப்பத்தில் நின்றது. குதிரை மெதுவாகக் கழுத்தை நீட்டிக் குஞ்சத்தை உதட்டால் பிடிக்கப் போனது. கணவர் கூட்டத்தில் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, வாயை அசைக்காமல், "ஏ புள்ள, என்னமாச்சும் பண்ணு," என்றார்.

நான் சத்தம் போடவில்லை. கொள்ளு வைக்கும்போது கூப்பிடுவதுபோலவே, "கண்ணு, வா சாமி," என்றேன். மேளத்துக்கு நடுவில் அதன் ஒரு காது என் பக்கம் திரும்பியது. குடையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு குஞ்சத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தது. என் முந்தானையில் முடிந்திருந்த பொரிகடலையை அப்படியே கொடுத்தேன். அவ்வளவு கூட்டத்தில் அது என் பேச்சைக் கேட்டது என்பதில் எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வருடமும் குதிரையைக் கூட்டி வருவீர்களா என்று பூசாரி கேட்டபோது, என் கணவர் சற்று முன் கிடைத்த மரியாதையிலேயே தலையசைத்தார்.

அதற்குப் பின் வந்த மழைக்காலம் முழுவதும் இரண்டாவது பாடம் நடந்தது. தரையில் நான் மல்லாத்தி வைத்துக் கூப்பிடும் குடையில் மட்டும்தான் கொள்ளு, மற்ற குடையில் எதுவும் இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் கயிற்றைப் பிடிக்க, அவர் விரித்த குடையோடு எதிரில் நடந்து வருவார். முதலில் வெட்கப்பட்டு யாரும் பார்க்காத நேரமாக வந்தார். குதிரையும் அவரைக் கண்டால் இன்னும் சுவரைத்தான் தேடியது. அதன் காது விறைத்தால் நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். நின்றார். தலை தாழும்வரை காத்திருக்கச் சொன்னேன். காத்திருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எதற்காகவும் அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நின்று, "இப்ப வேண்டாங்குது," என்றார். குதிரை அவர் சட்டைப் பையில் மூக்கை வைத்தது அதற்குச் சில நாள் கழித்துத்தான். அன்றைக்கு அவர் போண்டாவுக்கு உப்புப் போட்டாயா என்று என்னை மூன்று தடவை கேட்டார். சந்தோஷத்தை மறைப்பதற்கு அவருக்கு வேறு வழி தெரியாது.

பிறகு ஏரிக்கரையில் யார் குடை விரித்தாலும் குதிரை ஒரு காதைத் திருப்பிப் பார்க்கும், பெருமூச்சு விடும், நடக்கும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. சவாரி முடிந்து இருவரும் திரும்பி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் குடையைக் குதிரையின் தலைக்கு மேல் பிடித்திருந்தார். அவர் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க இப்படி நனஞ்சுட்டு வர்றீங்க?"

"காதுல தண்ணி போனா அதுக்குப் புடிக்கறதில்ல."

"யாரு சொன்னாங்க?"

"அதுதான் சொல்லுச்சு," என்றார்.

துண்டை எடுத்துக் கொடுத்தேன். முதலில் குதிரையைத் துடைத்தார்.