கேள்வி முடியும் முன்பே வந்த விடை

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் போன வருடம் கோட்டை விட்டேன். மறுபடி எழுத, தாம்பரத்தில் அதே பயிற்சி மையத்திலேயே சேர்ந்தேன். இந்த முறை மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் மளமளவென்று ஏறியது. "இந்த தடவை உங்களுக்கு சீட் கன்ஃபார்ம் மேடம்" என்றார் அங்கிருந்த சார். எனக்கு உறுத்தியது. நம்மைக் குளிர வைக்கத்தான் மார்க்கை அள்ளிப் போடுகிறார்களோ?

மறைமலை நகருக்கு வேலைக்குப் போகும் மின்சார ரயிலில், உடன் வேலை செய்யும் ரேவதி என் வினாத்தாளை வாங்கி வாசித்தாள்.

"ரெண்டு குழாய், ஒரு தொட்டிய…"

"பன்னிரண்டு நிமிஷம்" என்றேன்.

"ஏய், நான் இன்னும் கேள்வியே கேக்கலடி!"

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து போன வருடத் தாள்களை இறக்கினேன். இந்த வருடத் தாள்களில் மேலட்டை மட்டும்தான் புதிது. உள்ளே அதே கேள்விகள். நான் கணக்குப் போடவே இல்லை, ஞாபகத்திலிருந்து ஒப்பித்திருக்கிறேன். மையத்தைச் சந்தேகப்பட்ட நான் என்னைச் சந்தேகப்படவில்லை. நல்லவேளை, தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

இப்போது ரேவதி எண்களை மாற்றித்தான் கேட்கிறாள். பாதிக்கு மேல் தப்பாகிறது. இந்த மார்க்கைத்தான் நம்புகிறேன்.

– ஒரு வாசகி, சேலையூர்