தண்ணீர் கேட்டதாகச் சொன்னேன்

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த சமயம் அது. போர்ட் பிளேயரில் கால்பந்துப் போட்டி முடிந்து, பள்ளி அணியோடு மாயாபந்தருக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாராடாங் தீவுக்குப் போக நடுவில் கடலை ஃபெர்ரியில் கடக்க வேண்டும். பேருந்து காலியாகப் படகில் ஏறும். பயணிகள் நாங்கள் இறங்கி நடந்து ஏறுவோம்.

மாயாபந்தரில் சித்தப்பா குடும்பத்தைத் தவிர யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. பதினான்கு வயதில், போர்ட் பிளேயரில் எங்கள் வீடு இருந்த லம்பா லைனில், அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய பைக்கை எடுத்து ஓட்டி, சாலையோரம் நடந்துபோன ஒருவர்மேல் மோதிவிட்டேன். அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்தும் நிற்காமல் போய்விட்டேன். சிறார் நீதி வாரியம் என்மேல் குற்றம் உறுதி என்று சொல்லி, கொஞ்ச காலம் கண்காணிப்பில் வைத்தது. அது முடிந்த கையோடு அப்பா என்னை மாயாபந்தரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "அங்க யார்கிட்டயும் வாயத் திறக்காத" என்று மட்டும் சொன்னார். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அன்று படகில் ஏறும் சரிவில் ஊன்றுகோலோடு ஒருவர் தடுமாறினார். பின்னால் அவர் மனைவி இரண்டு பைகளோடு வந்தார். எங்கள் கோல்கீப்பர் ஓடிப்போய் அவருக்குத் தோள் கொடுத்தான். வங்காளிப் பையன், எனக்கு நெருங்கிய நண்பன். பையை வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னையும் கூப்பிட்டான். கையை நீட்டிய பிறகுதான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். விசாரணை நாட்களில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த முகம்.

"பையத் தொடாத" என்றார். கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, இவந்தாங்க. உங்க கால ஒடிச்சுப்புட்டு ஓடுனவன். பந்து விளையாடிட்டுத் திரியுறான் பாருங்க."

நண்பனுக்குத் தமிழ் தெரியாது. "க்யா போல் ரஹி ஹை?" என்று ஹிந்தியில் என்னிடம் கேட்டான், என்ன சொல்கிறார் என்று.

ஒரு கணம் யோசித்தேன். "பானி மாங் ரஹி ஹை" என்றேன். தண்ணீர் கேட்கிறார்களாம்.

அவன் உடனே பேருந்துக்கு ஓடினான்.

"எங்களுக்கு ஹிந்தி தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் அந்த அம்மா. எங்கள் தீவுகளில் ஹிந்தி தெரியாதவர் யார்? அந்தப் பதற்றத்தில் எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

நண்பன் மூச்சிரைக்கத் தன் பாட்டிலை நீட்டினான். அந்த அம்மா வாங்கவில்லை. ஹிந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், என் கதை முடிந்திருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் கணவர் கை நீட்டி பாட்டிலை வாங்கிக் குடித்தார். ரொம்பத் தாகமாக இருந்தது, நல்லா இரு மகனே என்று ஹிந்தியில் அவனிடம் சொன்னார். அவன் சந்தோஷமாக மற்ற பையன்களிடம் போய்விட்டான்.

"மன்னிச்சிருங்க அங்கிள்" என்றேன்.

"வாரியத்துலயும் இதே மாதிரிதான் ஒப்பிச்சான்" என்றார் அந்த அம்மா. உண்மைதான். அன்றைக்கு அப்பா சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன்.

"ஏன் அவன்கிட்ட சொல்லல?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கால் தினமும் வலிக்குது தம்பி. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அந்தப் பையன் எங்களுக்காக ஓடுனான்ல? தண்ணியே கேக்கலன்னு அவன் முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. அது புரிந்ததும் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கரை வந்ததும் நண்பன்தான் அவரைக் கைப்பிடித்து இறக்கினான். நான் பின்னால் வெறுங்கையோடு நடந்தேன். பேருந்து கிளம்பியதும் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விபத்தைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை. "அப்ப அவங்க தண்ணியே கேக்கலயா?" என்று ஹிந்தியில் கேட்டான். பிறகு எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டான். மறுபடி என்னோடு சகஜமாகப் பேச அவனுக்குப் பல மாதங்கள் ஆயின.

சிறு வயதுக் குற்றத்தின் பதிவு பின்னால் அழிக்கப்பட்டுவிடும் என்று சொல்கிறார்கள், என்னுடையதும் அழிந்திருக்கும். பதினான்கு வயதில் ஓடியதற்குப் பயம் என்று ஒரு காரணமாவது சொல்லிக்கொள்ள முடிகிறது. அந்தப் படகில் யோசித்துச் சொன்ன பொய்க்கு இன்றுவரை எனக்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.